யாருக்கும் சிபாரிசு செய்யாத அத்தை

என் மாமியாரைப் பற்றிக் காரைக்காலில் யாரைக் கேட்டாலும் முதலில் ஒன்றைச் சொல்வார்கள். கல்லூரி முதல்வரின் அறை வாசலில் அத்தனை வருஷம் செக்ரட்டரியாக உட்கார்ந்திருந்தும் அவர் யாருக்கும் ஒரு சீட்டுக் கேட்டதில்லை, ஒரு வேலை கேட்டதில்லை. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றே இதைச் சொல்லிவிட்டார்கள். சொன்னவர் அவர் இல்லை, கூட வந்த பெரிய நாத்தனார்.

"எங்க அம்மா சொந்த அண்ணன் மவனுக்கே சீட்டு வாங்கித் தரல. போயி கியூல நில்லுடான்னுட்டாங்க."

அந்த அண்ணன் மகன் அப்படியே வரிசையில் நின்று, இடம் கிடைக்காமல், சிதம்பரம் போய்ப் படித்தார். இப்போது துபாயில் நல்ல வேலையில் இருக்கிறார். வீட்டு விசேஷத்துக்கு வரும்போதெல்லாம் அவரே அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவருடைய அம்மா சிரிப்பதில்லை என்பதை நான் ரொம்பப் பிறகுதான் கவனித்தேன்.

மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். இங்கும் அப்படியே எழுதுகிறேன். அவர் நன்றாக இருக்கிறார். நான் இதை எழுதும்போது பக்கத்து அறையில் என் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருக்கிறார். இதை எழுதலாமா, கூடாதா என்று ரொம்ப நாள் யோசித்தேன். அவர் எங்களுக்குச் செய்த நல்லதையெல்லாம் முதலில் எழுதிவிட்டால் மற்றதை எழுத எனக்கு உரிமை வந்துவிடும் என்று தோன்றியது. அதனால் முதலில் அது.

அத்தை தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் தேறியவர். கல்யாணத்துக்கு முன்பே அந்தக் கல்லூரியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, சில வருஷத்தில் முதல்வருக்குச் செக்ரட்டரி ஆனார். மாமாவுக்குத் திருநள்ளாறு பக்கம் நிலம், நெல் விவசாயம். என் கணவர் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே மாமா மாரடைப்பில் போய்விட்டார். அதன் பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டது, மாமாவின் தங்கைகளுக்குக் கல்யாணம் செய்துவைத்தது, தன் இரண்டு பெண்களையும் பையனையும் படிக்க வைத்தது எல்லாம் அத்தை ஒருவர்தான். காலையில் வீடு இருக்கும் கோட்டுச்சேரியிலிருந்து பஸ் ஏறும் முன்பே மதியத்துக்கும் சேர்த்துச் சமைத்து வைத்துவிட்டுப் போவாராம். மாமாவின் கடைசித் தங்கை பிரசவத்தில் படுத்தபோது, கல்லூரியில் பரீட்சை நேரம் என்று லீவு கிடைக்காமல், மதிய இடைவேளையில் ஓடிப்போய் ஆஸ்பத்திரியில் கஞ்சி கொடுத்துவிட்டுத் திரும்ப ஓடிவந்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். அந்தத் தங்கை இன்றைக்கும் அத்தையைப் பேச்சுக்குப் பேச்சு "எங்க அண்ணி சாமி" என்பார்.

நான் கல்யாணமாகி வந்தபோது அத்தை ஓய்வு பெற்றுச் சில வருஷம் ஆகியிருந்தது. ஆனால் கல்லூரி அவரை விடவில்லை. காலை பத்து மணிக்கு மேல் போன் வந்துவிடும். அத்தை கீரை ஆய்ந்துகொண்டே போனைத் தோளில் இடுக்கிப் பேசுவார்.

"அக்கா, ஒரு பேரண்ட் வந்து சத்தம் போடுறாரு. சாரைப் பாத்தே ஆவணுமாம்."

"உக்கார வச்சு ஒரு டீ குடு. சார் மீட்டிங்ல இருக்காருன்னு சொல்லு. டீ டம்ளரக் கையில வச்சுக்கிட்டு எவனும் சத்தம் போட மாட்டான்."

முதல்வரின் அறைக்கு ஒரு கண்ணாடிக் கதவு. அதைத் தாண்டி யார் உள்ளே போகலாம், யார் போகக் கூடாது என்பதை அத்தைதான் தீர்மானித்தார். ஆனால் போகக் கூடாது என்று யாரிடமும் சொன்னதில்லை. "நீங்க கவலப்படாம போங்க, சார்கிட்ட நான் சொல்லிடறேன்" என்பார். சிலருக்காகச் சொல்வார், சிலருக்காகச் சொல்ல மாட்டார். நம்பிப் போனவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. இதை அவரே ஒரு நாள், குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டே, சமையல் பக்குவம் சொல்லித் தருகிற மாதிரி என்னிடம் சொன்னார்.

"உள்ள இருக்கறவருக்கும் நிம்மதி, வெளிய நிக்கறவருக்கும் நிம்மதி. நடுவுல இருக்கறவதான் மறக்காம இருக்கணும், யாருகிட்ட என்ன சொன்னோம்னு."

நான் சிரித்தேன். கெட்டிக்காரி என்று நினைத்தேன்.

வீட்டையும் அவர் அப்படித்தான் நடத்தினார். கேஸ் புக்கிங், கரண்ட் பில், ஆஸ்பத்திரி, கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ், எதில் எந்தக் காகிதம் நிரப்பினாலும் அத்தையின் போன் நம்பர்தான். பாண்டிச்சேரியில் இருக்கும் நாத்தனார் என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் அத்தையிடம் சொல்வார், அத்தை என்னிடம் சொல்வார். என் அம்மாகூட எனக்கு முன்னால் அவருக்குத்தான் போன் செய்வார். சம்பந்தியம்மாவைத் தாண்டிக்கொண்டு பேசினால் மரியாதையில்லை என்பது அம்மாவின் எண்ணம். இந்த வீட்டில் யாரும் அதை அம்மா நம்பர் என்று சொல்வதில்லை. நம்ம நம்பர் என்பார்கள். கொஞ்ச நாளில் நானும் அப்படித்தான் சொன்னேன்.

நான் வேதியியலில் எம்.ஃபில். முடித்தவள். கல்யாணத்துக்கு முன் மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். சம்பந்தம் பேசும்போதே என் அப்பா, பெண் வேலைக்குப் போவாள் என்று சொல்லித்தான் பேசினார். அத்தை உடனே, "படிச்ச பொண்ண வீட்டுல உக்கார வக்க நான் என்ன பைத்தியமா?" என்றார். அப்பாவுக்கு அந்த ஒரு வார்த்தையிலேயே இந்த இடம் பிடித்துப்போனது.

பாப்பா பிறந்து ஒரு வயது ஆனதும் அத்தை வேலை பார்த்த அதே கல்லூரியில் மணிக்கணக்கில் சம்பளம் தரும் விரிவுரையாளர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. எனக்கு அந்த ஒரு கல்லூரிதான் சரிப்படும். பாப்பாவுக்கு ஏதாவது என்றால் ஒரே பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிடலாம். விண்ணப்பத்தை எழுதி அத்தையிடம் காட்டினேன்.

"எங்கிட்ட குடு, நான் அந்தப் பக்கம் போறப்ப குடுத்துட்டு வந்துடறேன். ஆனா குடுக்கறது மட்டும்தான். சிபாரிசு சொல்றதெல்லாம் கெடையாது. உனக்கே தெரியும்."

"தெரியும் அத்தை."

எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. போன் நம்பர் கேட்ட இடத்தில், பழக்கத்தில், நம்ம நம்பரை எழுதியிருந்தேன். பாப்பா தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்துவிடுவாள் என்று என் போன் எப்போதும் சத்தமில்லாமல்தான் கிடக்கும். அதனால் அதுதான் புத்திசாலித்தனம் என்றும் நினைத்தேன்.

ஜூன் மாதம் வந்தது. கல்லூரி திறந்தது. "கூப்பிட்டாங்களா அத்தை?" என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியலம்மா. நான் கேக்கவும் கூடாது பாரு."

அந்த வருஷம் போனது. அந்தக் கல்வியாண்டு முடிவதற்குள், மாசி மாதத்தில், பாப்பாவுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வந்தது. கண்கள் மேலே செருகிவிட்டன. நான் அவளைப் பாயில் போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அத்தைதான் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். சாவியைக் கையில் கொடு, தண்ணீர் ஊற்று என்று ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரர்களை விலக்கி, ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரிப் படியில் அறுபது வயது தாண்டிய அந்த முழங்கால்களோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறினார். சில குழந்தைகளுக்குக் காய்ச்சலில் இப்படி வரும், வளர வளரச் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். பாப்பாவுக்குத் திரும்ப வரவில்லை. ஆனால் எனக்குத் தெர்மாமீட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் இருக்க முடியாமல் போயிற்று. அத்தை அதைக் கேலி செய்ததே இல்லை. அவர் இருக்கிறார் என்பதுதான் எனக்கு இருந்த ஒரே தைரியம்.

அடுத்த வருஷமும் விண்ணப்பம் கொடுத்தேன். அதே மாதிரி அத்தை வழியாக, அதே நம்பரோடு. அந்த ஜூனிலும் யாரும் கூப்பிடவில்லை. அப்போதுதான் எனக்குள் ஏதோ உட்கார்ந்துவிட்டது. இடையில் வருஷங்கள் போய்விட்டன, நெட் தேர்வு எழுதியிருக்க வேண்டும், இனி யார் என்னைக் கூப்பிடுவார்கள் என்று நானே எனக்குக் காரணங்கள் சொல்லிக்கொண்டேன். எதிர் வீட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பெண்ணுக்கு வேதியியல் சொல்லித் தர முடியுமா என்று அவள் அம்மா கேட்டபோது, மறந்துபோச்சுங்க என்று சொன்னேன். அது மறக்கிற பாடம் இல்லை. ஆனால் சொல்லும்போது உண்மையாகவே மறந்துவிட்டது போலத்தான் இருந்தது.

ஒரு மத்தியானம் அத்தையின் மடியில் தலை வைத்து அழுதேன். அத்தை என் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தார். "அவங்களுக்கு நல்ல ஆளு எது, கெட்ட ஆளு எதுன்னு தெரியாது. விடு. நமக்கு ஒரு காலம் வரும்" என்றார். பிறகு எழுந்துபோய் எனக்குப் பிடிக்கும் என்று பருப்பு வடை சுட்டார்.

இந்த வருஷம் விண்ணப்பம் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. கொடுக்கவும் இல்லை.

கோடை விடுமுறை முடியப்போகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கடற்கரைக்குப் போயிருந்தோம். என் கணவர் வண்டியை நிறுத்திவிட்டு மிளகாய்ப்பொடி போட்ட மாங்காய் வாங்கப் போயிருந்தார். பாப்பா மணலில் உட்கார்ந்து தோண்டிக்கொண்டிருந்தாள். நான் அலையைப் பார்ப்பதும் அவளைப் பார்ப்பதுமாக நின்றேன். சேலைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு வேகமாக நடந்துவந்த ஒரு அம்மா என்னைப் பார்த்ததும் நின்றார். கல்லூரியில் வேதியியல் துறைத் தலைவர். அத்தையோடு ஒரு கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன்.

"நீ மேடத்தோட மருமகதானே? பாப்பா வளந்துட்டாளே. இப்ப உடம்பு தேவலையா?"

"நல்லா இருக்கா மேடம். ஒரே ஒரு தடவதான் அந்த மாதிரி வந்துச்சு."

"அப்படியா? அவங்க சொன்னத வச்சு நான் என்னமோ பெரிய வியாதின்னு பயந்துட்டேன். சரி, இந்த வருஷம் ஏன் அப்ளிகேஷனே காணும்? ரெண்டு வருஷம் கூப்பிட்டும் நீ வரல, கோவம் எங்களுக்கா வரணும், உனக்கா?" என்று சிரித்தார்.

மணலிலிருந்து எழுந்து வந்த பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "எங்க மேடம் கூப்பிட்டீங்க?" என்று கேட்டேன்.

"எங்கன்னா? உங்க நம்பருக்குத்தான். போன வருஷம் நானே பேசினேன். மார்க்ல மொதல்ல நிக்கறதே உங்க மருமகதான், அனுப்பி வைங்கன்னேன். பிள்ளைக்கு உடம்பு சரியில்ல, அவளுக்கும் இப்ப வேலைல மனசு இல்ல, அப்புறம் பாக்கலாம்னுட்டாங்க. அதுக்கு முந்தின வருஷம் ஆபீஸ்லேந்து பேசினப்பவும் அதேதானாம்."

பாப்பா வீறிட்டாள். அவள் கையை நான் அத்தனை இறுக்கமாகப் பிடித்திருந்தேன்.

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏதோ புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். குரலைத் தாழ்த்தி, "சனிக்கிழமை இண்டர்வியூ இருக்கு. வரணும்னா சர்டிபிகேட்ட எடுத்துக்கிட்டு நேரா வா" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

வீடு வந்து சேர்ந்தோம். அத்தை கோயிலுக்குப் போயிருந்தார். என் கணவர் பாப்பாவின் காலிலிருந்த மணலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"காலேஜ்லேந்து என்னக் கூப்பிட்டு போன் வந்துச்சாமே" என்றேன்.

அவர் எந்த போன் என்று கேட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவர், "அம்மா உங்கிட்ட சொல்லலியா?" என்று கேட்டார்.

"உங்ககிட்ட சொன்னாங்களா?"

குழாயை மூடினார். "போன வருஷம் சொன்னாங்க. நீ அப்ப ரொம்ப ஒடஞ்சு போயிருந்த. இப்ப வேணாம், நான் பக்குவமா அவகிட்ட சொல்லிக்கிறேன்னாங்க. சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்."

"அந்த ஜூன் மாசம் பூரா அழுதுக்கிட்டு இருந்தேனே, அப்ப என்ன நெனச்சீங்க?"

"வேற எதுக்கோன்னு நெனச்சேன்."

"வேற எதுக்கு?"

"தெரியல. நீ அடிக்கடி அழுவியே."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இத்தனை நாள் ஒரே வீட்டில் ஒரே செய்தி இரண்டு பேரிடம் இருந்திருக்கிறது, அது யாரைப் பற்றியதோ அவளிடம் மட்டும் இல்லை. யாருக்கும் அதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை.

மறுநாள் காலை காரைக்கால்மேட்டிலிருந்து வரும் மீன்காரம்மா வாசலில் கூடையை இறக்கியிருந்தார். அத்தை செவுளைத் தூக்கிப் பார்த்து, விலை குறைத்து, அந்தம்மாவின் மகன் படிப்பை விசாரித்து, மீனை வாங்கும்வரை காத்திருந்தேன். அத்தை கொல்லையில் அரிவாள்மணையோடு உட்கார்ந்ததும் பக்கத்தில் போய் நின்றேன்.

"எனக்கு வந்த போன நீங்க ஏன் அத்தை வேணாம்னீங்க?"

அத்தை நிமிர்ந்து பார்த்தார். மறுப்பார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன்.

"பிள்ளைக்குக் காச்சல்னா நீ செவுத்தோட ஒட்டிக்கிட்டு நிக்கற. லேப்ல ஆசிட் பாட்டிலக் கையில வச்சுக்கிட்டு வீட்டு நெனப்புல நின்னா என்ன ஆவறது? நான் பாக்க வேணாமா?"

ஒரு கணம் அது சரிதான் என்று எனக்கும் தோன்றியது. என்னைப் பற்றி யார் என்ன குறை சொன்னாலும் முதலில் எனக்கு அது சரி என்றுதான் தோன்றும். பிறகுதான் மனசுக்குள் மாதங்கள் வரிசையாக வந்து நின்றன.

"மொத வருஷம் கூப்பிட்டப்ப பாப்பாவுக்கு வலிப்பே வரலியே அத்தை. அது அப்புறம்தானே வந்துச்சு."

அத்தை மீனைத் திருப்பிப் போட்டுச் செதில் சீவினார்.

"நான் உக்காந்திருந்த நாற்காலிக்கு ஒரு பேரு இருக்கு" என்றார் கடைசியில். "நான் வெளிய வந்த எடத்துல என் மருமக உள்ள போனா என்ன பேசுவாங்க? கூடப் பொறந்த அண்ணன் மவனுக்குச் செய்யாதவ மருமவளுக்குச் செஞ்சுட்டான்னு எங்க அண்ணியே பேசும். முப்பது வருஷம் வாயக் கட்டிக்கிட்டு இருந்தது எதுக்கு?"

"நீங்க எனக்கு ஒண்ணும் செய்யலியே. மார்க்லதான வந்தேன்."

"அது உனக்கும் எனக்கும் தெரியும். ஊருக்குத் தெரியுமா?"

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ போயிருப்ப."

அவ்வளவு எளிமையாக ஒரு பதில் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. திரும்பி நடந்தேன். பின்னாலிருந்து அத்தை, "நீ அழுதப்ப நான் உன்ன விட்டுட்டா போனேன்?" என்று கேட்டார். அவர் குரல் உண்மையாகவே அடிபட்ட குரலாக இருந்தது.

விட்டுவிட்டுப் போகவில்லை என்பது நிஜம். வேலை போனதைக்கூட நான் தாங்கிக்கொள்வேன். அந்த மத்தியானம் என் நெற்றியைத் தடவிய கைதான் போனை எடுத்துப் பேசிய கை என்பதை என்ன செய்வது என்று தெரியவில்லை. தடவியது பொய் இல்லை. வடையும் பொய் இல்லை. எல்லாம் பொய் என்றால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், கோபப்பட்டுவிட்டு முடித்திருப்பேன்.

சனிக்கிழமை வந்தது. என் கணவர் மின்சாரத் துறையில் வேலை செய்கிறார். எங்கோ லைன் பிரச்சினை என்று காலையிலேயே கூப்பிட்டுவிட்டார்கள். என் அம்மா வருகிறேன் என்றார், ஆனால் அவர் பஸ் மாறி வந்து சேரும்போது இண்டர்வியூ முடிந்துவிடும். பாப்பாவை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்று நான் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தேன். அத்தை பாப்பாவை இடுப்பில் வாங்கிக்கொண்டார்.

"போயிட்டு வா. நேரமாவுது. சனிக்கெழம, திருநள்ளாத்துக் கூட்டம், பஸ் கெடைக்காது."

வாழ்த்தும் சொல்லவில்லை, தடுக்கவும் இல்லை. அவரைத் தவிர எனக்கு வேறு ஆளும் இல்லை. நான் போனேன். டவுனில் இறங்கியபோது சனீஸ்வரனைத் தரிசிக்கப் போகும் வெளியூர்க்காரர்கள் பஸ்ஸுக்கு முட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தள்ளிக்கொண்டு வெளியே வருவதற்குள் நான் இரண்டு முறை திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன்.

கல்லூரியில் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் அத்தையின் இடத்தில் என்னைவிடக் கொஞ்சம் மூத்த பெண் உட்கார்ந்திருந்தார். அத்தையிடம் வேலை கற்றவர். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார்.

"உக்காருங்க. உங்க அத்தைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுட்டு உங்கள உள்ள அனுப்பறேன்."

"எதுக்குங்க?"

"எப்பவும் கேட்டுக்கறதுதான்."

"இண்டர்வியூக்கு நான்தான் வந்திருக்கேன். என்னைக் கேளுங்க."

நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. வெளியே காத்திருந்த மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் போனைக் கீழே வைத்தார். "கோச்சுக்காதீங்க, பழக்கதோஷம்" என்றார். என் சொந்த நம்பரை ஒரு தாளில் எழுதி அவர் முன்னால் வைத்தேன்.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். பஃபர் கரைசல் பற்றிக் கேட்டார்கள். எனக்கு ஒன்றும் மறக்கவில்லை. அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, எதிர் வீட்டு அம்மாவிடம் மறந்துபோச்சு என்று சொன்னது ஞாபகம் வந்தது. வேலை கிடைத்தது.

சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு நாள் ஆசிரியர் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். தமிழ்த் துறையில் ஓய்வு பெறப்போகும் ஐயா ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி என்னிடம், "உங்க மாமியார் மாதிரி ஒரு மனுஷிய இந்தக் காலத்துல பாக்க முடியாதும்மா. வீட்டுலயே எம்.ஃபில். மருமகள வச்சுக்கிட்டு, உங்களுக்காக ஒரு வார்த்த சொன்னதில்லயே அவங்க" என்றார்.

இந்த மாதிரிச் சமயத்தில் தலையாட்டிவிட்டுப் போய்விடுவதுதான் என் வழக்கம். அன்றைக்கு முடியவில்லை.

"சொன்னாங்க சார்" என்றேன். "ரெண்டு வருஷம் இங்கேருந்து என்னக் கூப்பிட்டப்ப, வேணாம்னு சொன்னாங்க. எங்கிட்ட கேக்காமலே."

ஐயா டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, "கேட்டீங்களா?" என்று மற்றவர்களைப் பார்த்தார். "இதத்தான் சொல்றேன். சொந்த மருமகளையே வேணாம்னு சொல்லியிருக்காங்க. எவளுக்கு வரும் இந்த மனசு?" பக்கத்திலிருந்த ஆசிரியை ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்படி இல்லை சார் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். மணி அடித்துவிட்டது. எல்லோரும் எழுந்து என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். மதியத்துக்குள் ஆபீஸ் முழுக்க அந்தக் கதை போய்விட்டது. பியூன்கூட என்னிடம் வந்து, "குடுத்து வச்சவங்க நீங்க" என்றார்.

மாலையில் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அத்தை கூடத்தில் சாய்ந்து உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"ஆமா ஆமா, நான்தான் வேணாம்னேன். ரெண்டு தடவயும். பின்ன, நம்ம பேரு கெட்டுப்போவக் கூடாதில்ல? அவளா? அவ ஒண்ணும் சொல்லல. தங்கமான பொண்ணு."

என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தாமலே கையால் ஜாடை காட்டினார். பாப்பா சாப்பிட்டுவிட்டாள், ரசம் சோறு. நான் தலையாட்டினேன். பையை வைத்துவிட்டுப் பாப்பாவிடம் போய்க் குனிந்தேன்.

"என்ன சாப்பிட்ட?"

"சோறு."

"என்ன சோறு?"

"ரசம்."

அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுக்களைக்குள் போய் ரசப் பாத்திரத்தின் மூடியைத் தூக்கி, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தேன். திரும்பியபோது அத்தை போனைக் காதில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுமுனையில் யாரோ இன்னும் அவரைப் புகழ்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.